பால் வற்றக் கட்டிய பூ

பஞ்சவர்ணத்தின் புருஷன் உத்தமன் லாரி ஓட்டினவன். தொண்ணூற்றெட்டில், அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனான். டிபி என்றாள், பாரிவாக்கத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களிடம். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள் என்பதால் பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளியே வந்தது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: உனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறது. குழந்தைக்கு வந்திருக்கிறதா என்று ஒன்றரை வயதில்தான் சொல்ல முடியும். தாய்ப்பால் வழியாகவும் போகும், கொடுக்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்து டப்பா பால் கலந்து கொடு.

சொல்வதற்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். புருஷன் இளைத்துச் செத்தான், பெண்டாட்டி பிள்ளைக்குப் பால் தர மறுக்கிறாள் என்றால் ஊர் இரண்டையும் கூட்டிப் பார்க்காதா? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. தெரிந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே சாமானைத் தெருவில் வைத்துவிடுவார்.

"பால் ஊறலக்கா" என்று பக்கத்து வீட்டு அன்னம்மாளிடம் சொன்னாள். வந்தது வம்பு. அன்னம்மாள் நல்லவள். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்புவது கஷ்டம். தினமும் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாகக் கொண்டுவந்து, பால் ஊறட்டும் என்று எதிரே உட்கார்ந்து சாப்பிடவைத்தாள். பஞ்சவர்ணமும் விழுங்கினாள். ஊறாமல் என்ன செய்யும்? மார் கல்லாகக் கனத்தது, ரவிக்கை நனைந்தது. குழந்தை பாலாடையில் புகட்டினதைத் துப்பிவிட்டு, வாசனை பிடித்து மாரைத் தேடியது. ஒரே ஒரு தடவை கொடுத்தால்தான் என்ன என்று மனசு கெஞ்சியது. பிள்ளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்ற மார்மேல் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இவள் அதையே செய்தாள். பால் டப்பா வாங்கப் போகும் சாக்கில் பூந்தமல்லியில் பூ வாங்கி, முந்தானைக்குள் ஒளித்து எடுத்துவந்தாள். பூவை ஒளிக்கலாம், வாசனையை எங்கே ஒளிப்பது?

ஒருநாள் அன்னம்மாள் புட்டுக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாடி, ஊடு பூரா மல்லி வாசன? தாலியறுத்து நாலு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள யாருக்குடி பூ?"

பால் வற்றுவதற்கு என்றால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள்.

"ஒருத்தரு கீறாருக்கா" என்றாள்.

அன்னம்மாள் கிண்ணத்தைக் கீழேகூட வைக்காமல் திரும்பிப் போனாள். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. "அழகு கொறஞ்சிடும்னுதான் புள்ளைக்குப் பால் குடுக்காம ஏமாத்திகினு கீறா" என்று அதற்கும் அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை. கெட்டுப்போனவள் பக்கத்தில் குடியிருக்க அவர்களால் முடிந்தது. புட்டு நின்றது, பாலும் வற்றியது.

அப்புறம் குழாயடியில் அவளுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. வேளை தவறாமல் தண்ணீர் கொதிக்கவைத்தாள், பாலாடையை வெந்நீரில் போட்டெடுத்தாள். பிள்ளைக்கு வயிற்றால் போனபோது தனியாகவே ஆவடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஒன்றரை வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு நோய் இல்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கினவளுக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கால் தானாக அன்னம்மாள் வீட்டுக்குப் போனது. வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, அழுகைதான் பீறிட்டது.

அன்னம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி, உட்டுட்டுப் பூட்டானா?"

பஞ்சவர்ணம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"எனுக்கு அப்பவே தெரியும்டி. நாசமாப் போறவன், நல்லாருப்பானா அவன்?"

இல்லாத ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அன்னம்மாள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஞ்சவர்ணத்தை உள்ளே இழுத்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். பஞ்சவர்ணம் சந்தோஷம் தாங்காமல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சாப்பிட்டாள்.