கனகர் அந்தப் புத்தகத்தில் இல்லை

நான் ஒரு பொய்யன். பெற்ற மகளுக்கு ஒரு முழுப் புத்தகத்தைப் பொய்யாக வாசித்துக் காட்டியவன்!

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்... எனக்கே சில வேளைகளில் சிரிப்பு வருகிறது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். சிங்களம் தடையில்லாமல் வரும். ஆங்கிலமோ, பெயின்ட் வாளியில் எழுதியிருப்பதை வாசிக்கும் அளவுக்குத்தான். அதை வீட்டில் ஒப்புக்கொண்டேனா? இல்லையே! "அப்பாவுக்கு இங்கிலிஷ் தண்ணிபட்ட பாடு" என்று ஆறு வயது ஆதிரையிடம் அளந்துவிட்டேன். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு முன்னால் தகப்பன் குறைந்து போகலாமா?

அவளுடைய பிறந்தநாளுக்கு யாரோ தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். கலங்கரை விளக்கத்தின் படிகளில் இறங்கி, கடலுக்கடியால் பனி கொட்டும் வேறோர் உலகத்துக்குப் போகும் அண்ணன் தங்கையின் கதை. உலகமே கொண்டாடும் பழைய சிறுவர் நாவலாம். என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்கு அப்போது பின்னேர வேலை. ஆகவே அதை வாசித்துத் தமிழில் சொல்வது என் பொறுப்பாயிற்று.

இரண்டு அத்தியாயங்களை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை...

"ஏனப்பா நிப்பாட்டிட்டீங்கள்?"

அந்த நேரம் பார்த்து எங்கள் பல்கனிக் கம்பியில் ஒரு நொண்டிக் காகம் வந்து குந்தியது. நான் வேறென்ன செய்வேன்? அதைத் தூக்கிக் கதைக்குள் போட்டேன்!

கனகர் என்று பெயரும் வைத்தேன். வழிகாட்டும் காகம். ஒவ்வொரு முறை வழி சொல்லவும் ஒரு மாலுபாண் கேட்பார். பனி கொட்டும் அந்தத் தேசத்தில் மீன் வைத்த பாணுக்கு எங்கே போவது? ஆதிரை அதைக் கேட்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகென்ன, எனக்கு விளங்காத பக்கமெல்லாம் கனகர் பறந்து வந்தார். கடைசியில் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே.

நான்கு வருடங்கள் கழித்து அந்த நாவல் படமாகத் திரைக்கு வந்தது. மூவரும் போனோம். கடலுக்கடியில் படிகள், விளக்கேந்திய மீன்கள்... சின்னப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கதை இவ்வளவு நல்லதென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது!

"அப்பா, கனகர் எப்ப வருவார்?"

"பொறு பிள்ளை. இடைவேளைக்குப் பிறகு."

வருவாரா? படம் முடிந்து, பெயர்களெல்லாம் ஓடி முடியும்வரை ஆதிரை எழும்பவில்லை. "கனகர் வரேல்லையே அப்பா..." என்றபோது அவளுடைய உதடு துடித்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் ஏது? நான் சொன்னேனா? "படக்காரர் வெட்டிப்போட்டாங்கள். காகத்தை நடிக்க வைக்கிறது லேசான வேலையே?" என்றேன்!

மனைவி மகளின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

நான் வாயே திறக்கவில்லை. ஆதிரை திறந்தாள், வகுப்பில். கனகருக்குப் படக்காரர் செய்த அநியாயத்தை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். புத்தகத்தை வாசித்திருந்த ஒரு பிள்ளை, அப்படியொரு காகமே இல்லை என்றதாம். வகுப்பே சிரித்ததாம். இவள் விட்டாளா?

"நான் எழும்பி நிண்டு சொன்னனான் அப்பா. என்ர அப்பா முழுக்க வாசிச்சுக் காட்டினவர், அவர் பொய் சொல்லமாட்டார் எண்டு."

சாப்பிட்டுக்கொண்டே, பெருமையாகச் சொன்னாள். நான் வெட்கப்பட்டேன். ஐயோ, எவ்வளவு வெட்கப்பட்டேன்!

அவளிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னித்தும் பயனில்லை.

ஏனென்றால் இப்போது ஆதிரையே அந்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறாள். கனகர் வரும் பக்கத்தில் அடையாளம் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறாளாம். அதற்கென்று சிவப்பு ரிப்பன் ஒன்றும் வெட்டி வைத்திருக்கிறாள்.

"அப்பா, இன்னும் காணேல்லையே. எந்தப் பக்கம்?"

"வாசி பிள்ளை... வருவார்."

இன்னும் நாற்பது பக்கங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் வாசிக்கிறாள்.