அந்தோணியம்மாள் அக்கா காவல் காத்த சேறு

செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து போன் வந்தது. "அத்தை போயிட்டாங்க சின்னம்மா," என்றாள் அந்தோணியம்மாள் அக்காவின் மருமகள். எனக்கு எழுதத் தெரிந்தது கொஞ்சம். எழுதாவிட்டால் அக்கா செய்ததை வேறு யாராவது தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு நான் விடமாட்டேன்.

1942 தொடக்கத்தில் ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் ஓடும்போது எண்ணெய்த் தொட்டிகளைத் திறந்துவிட்டுப் போனார்கள். கிள்ளான் துறைமுகத்தில் கூலிக்காரர்களான எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த கடற்சேறு கறுத்துப்போனது. மட்டிச் சிப்பி, நண்டு, புழு, எல்லாம் செத்துக் கிடந்தன. அரிசி இல்லாத காலம். அந்தச் சேறுதான் எங்களுக்குச் சோறு. எங்கள் இருவர் வீட்டுக்காரர்களையும் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்கள்.

மறு வருடம் நத்தை வந்தது. ஒரே வகை, கால் வைக்க இடமில்லாமல். "கடல் திரும்பிடுச்சு!" என்று குதித்தோம். அக்கா சிரித்தார்.

"ஆளில்லாத வீட்ல எலி குடிவந்திருக்கு. நண்டு வரட்டும், அப்புறம் குதிங்கடி."

தினமும் நீர் வற்றியதும் முழங்கை வரை கையை விட்டு, சேற்றை அள்ளி முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாடை குறைந்து, நண்டு வளை தென்பட்ட பிறகுதான், ஒரு மலாய்க்காரரின் படகில் தெற்கே போய், மிளகளவு மட்டிக்குஞ்சுகளை வாளியில் கொண்டுவந்து விதைத்தார். அவை ஒருமுறை குஞ்சு விடும்வரை யாரும் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்.

நான் தொட்டேன். என் மகளுக்குப் பசியில் கால் வீங்கியிருந்தது. மட்டிகள் அப்போது சுண்டைக்காய் அளவு. அரை வாளி எடுத்தேன். அக்கா பிடுங்கிச் சேற்றில் கவிழ்த்தார்.

"என் புள்ள செத்தா நீங்களா அழுவீங்க?"

"அழுவேன்டி. இத நீ தின்னா லைன்ல இருக்குற அத்தன புள்ளைக்கும் அழணும்."

சாயங்காலம் தன் பங்கு மரவள்ளிக்கிழங்கை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் நன்றி சொல்லவில்லை. கிழங்கைத் தின்றோம்.

அடுத்து வந்தவன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஜப்பான்காரனுக்கு வாலாட்டியவன். அதிகாரிகளின் விருந்துக்கு வாளி வாளியாக மட்டி வேண்டுமாம். அக்கா ஒரு கை மட்டியைப் இன்னும் எண்ணெய் தேங்கிக் கிடந்த பழைய குழியில் முக்கி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க கிராணி ஐயா. தின்னவங்களுக்கு வயித்தால போனா உங்க தலையத்தான் கேப்பாங்க. எனக்கென்ன லா."

வந்த வழியே போனான்.

1945இல் அள்ளினோம். அப்போதும் பாதியைச் சேற்றிலேயே விட்டுவைக்கச் சொன்னார். லைன் முழுக்க மட்டி வெந்த வாசனை. என் மகள் மூன்று கிண்ணம் மட்டிச் சாறு குடித்தாள்.

அடக்கத்துக்கு வந்திருந்த அந்தக் கிராணியின் பேரன் என்னிடம், "கடல் தானாவே தேறிக்கும் பாட்டி," என்றான். தானாக வந்தது நத்தை மட்டும்தான் தம்பி, மற்றதெல்லாம் பசித்த வயிற்றோடு மட்டியில் கைவைக்காமல் காத்து நின்ற பெண்கள் கொண்டுவந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

அக்கா, வாளியைப் பிடுங்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் பெட்டி குழிக்குள் இறங்கியதும் முதல் பிடி மண்ணைப் போட்டது என் மகள்தான். போய் வாருங்கள்.