நாலு மணி நேரத்தில் ஒன்றரைப் படம்

டயாலிசிஸ் அறையில் ஆறு படுக்கைகள், ஆறு இயந்திரங்கள், ஒரே ஒரு டிவி. வாரத்துக்கு மூன்று நாள், மதியம் ஒரு மணிக்கு ஆறு பேரையும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் ஐந்து மணிவரை யாரும் எங்கும் நகர முடியாது. எழுந்து போக வழியில்லாத ரசிகர்கள் கிடைப்பது எந்தப் படத்துக்கும் பெரிய பாக்கியம்தான். ஆனால் மூன்றாம் படுக்கையில் டிக்கெட் அக்கா இருந்தபடியால், அந்த பாக்கியத்தை எந்தப் படமும் நிம்மதியாக அனுபவித்ததில்லை.

சினிமா தியேட்டரில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவள். கை மட்டும் நுழையும் ஓட்டை வழியாக ஆட்கள் குனிந்து, "படம் எப்படிக்கா?" என்று கேட்பார்கள். டிக்கெட் விற்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் அதற்குச் சொல்லவேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். அவள் அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். "இடைவேளை வரைக்கும் பாருங்க, அப்புறம் வெளிய காத்து நல்லா வரும்." "கொலைகாரன் யாருன்னு போஸ்டர்லயே போட்டுட்டான், நீங்க எதுக்கு உள்ள போறீங்க?" முதலாளி இரண்டு முறை அவளை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினார். இரண்டு முறையும் கூட்டம் குறைந்து, அவரே திரும்பக் கூப்பிட்டார். மோசம் என்று சொல்லத் தெரிந்தவள் நன்றாயிருக்கிறது என்றால் நம்பலாம் என்று ஊரில் ஒரு கணக்கு இருந்தது.

கால் வீங்கியபோது உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தாள். முகம் வீங்கியபோது தூக்கம் போதாது என்று நினைத்தாள். எல்லாப் படத்திலும் பத்தாவது நிமிஷத்தில் குற்றவாளியைப் பிடிக்கிறவள், தன் உடம்புக்குள் நடந்ததை இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் இரண்டு கிட்னியும் கதையை முடித்திருந்தன.

நான்காம் படுக்கையில் போலீஸிலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா. துப்பறியும் படம் என்றால் அவருக்கு உயிர். முப்பத்தோரு வருஷம் காவல்துறையில் இருந்தவர், ஒவ்வொரு படத்திலும் தவறாமல் தப்பான ஆளைச் சந்தேகிப்பார்.

"தோட்டக்காரன்தான். பார்வையே சரியில்ல."

"ஏட்டையா, தோட்டக்காரனா நடிக்கறவன் புதுப் பையன். அந்த வக்கீலைப் பாருங்க, எவ்வளவு பெரிய நடிகர். வந்ததுலேருந்து காப்பி மட்டும் குடிச்சிட்டிருக்காரு. சும்மா காப்பி குடிக்கவா அவரைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க?"

வக்கீல்தான் கொலைகாரன் என்று தெரியவரும்போது ஏட்டையா கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருப்பார்.

குடும்பப் படங்கள் என்றால் அக்காவின் நாக்கு இன்னும் கூர்மை. ஆஸ்பத்திரிக் காட்சி வந்துவிட்டால் அறையே அவள் பக்கம் திரும்பும். சாகக் கிடக்கிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு, கதவைத் திறந்து வெளியே வரும் டாக்டர் ஏன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியே தீரவேண்டும், கண்ணாடி இல்லாத டாக்டர் கெட்ட செய்தி சொல்லவே முடியாதா என்று கேட்பாள். அண்ணன் தம்பிக்கு கிட்னி கொடுக்கிற ஒரு படத்தை ஒருமுறை, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் தெரியாத்தனமாகப் போட்டுவிட்டார். "ஒரு கையெழுத்து, ஒரு பாட்டு, அடுத்த சீன்ல ரெண்டு பேரும் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க," என்றாள். "எந்த வீட்டுல இப்படிக் குடுக்கறாங்க? விலாசம் தெரிஞ்சா நானும் போய் அந்த வீட்டுல பொறந்துக்குவேன்." சிரித்ததில் முதல் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறி இயந்திரம் கத்தியது.

அப்படிச் சொன்ன மறுமாதம் அவள் தம்பி வந்து, "நான் தரேன்கா," என்றான்.

கணவருக்குச் சர்க்கரை, அவர் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவன் என்று இருந்தது தம்பி ஒருவன்தான். பெரிய கட்டடங்களின் வெளிச்சுவரில் ஏசி மாட்டுகிற வேலை. அவனுடைய ரத்தம், திசு எல்லாவற்றையும் சோதித்து, பொருந்துகிறது என்றார்கள். அடுத்து, தானத்துக்கு அனுமதி தரும் ஒரு குழுவின் முன்னால் அவன் உட்கார்ந்து, மனமுவந்துதான் தருகிறேன் என்று சொல்லவேண்டும். நாளும் குறித்தாகிவிட்டது: வரும் புதன்கிழமை.

இதற்குப் பிறகு நடந்த மாறுதலை ஏட்டையாதான் முதலில் கவனித்தார்.

"என்ன டிக்கெட்டம்மா, ரெண்டு வாரமா எந்தப் படத்தையும் திட்டவே இல்ல. உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லா இருந்தா இங்க எதுக்கு ஏட்டையா வரேன்?"

ஆனால் அவர் சொன்னது உண்மை. திரையில் பிரிந்த குடும்பம் கல்யாண வீட்டில் ஒன்று சேர்ந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போன மகன் மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டெக்னீசியன் பார்த்தார். இப்படியெல்லாம் நடக்காது என்று அவளால் இனிச் சொல்ல முடியாது. நடந்தாகவேண்டும். பத்தொன்பது வருஷம் ஓட்டை வழியாக அவள் கேலி செய்த அத்தனை தியாகங்களும் உண்மையாக இருந்தால்தான் அவள் மகளின் கல்லூரியைப் பார்க்க முடியும். நரம்பில் ஊசி குத்த இடம் குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

மூன்று வாரமாகத் தம்பியிடமிருந்து போன் வரவில்லை. வேலை அதிகம், வெயில் காலம், எல்லாரும் ஏசி கேட்பார்கள் என்று அவளே அவனுக்காகக் காரணம் தயார் செய்தாள். ஒவ்வொரு காரணமும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் வந்தான். திரையில் ஒரு திரில்லர் ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டையா சமையல்காரியைச் சந்தேகித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தார். வேலை நாளில் தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்ததை அக்கா முதலில் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா. உனக்கு எப்படி இருக்கு?"

"கால் பிடிச்சு இழுக்குது."

உடம்பிலுள்ள நீரை இயந்திரம் வேகமாக இழுக்கும்போது கெண்டைக்கால் முறுக்கும். அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கேட்காமலே அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான். ஏணி பிடித்துக் காய்த்துப்போன கை. கொஞ்ச நேரம் இருவரும் படத்தைப் பார்த்தார்கள்.

"காலைல பெரிய டாக்டரைப் பாத்துட்டு வரேன்கா," என்றான். "தனியாத்தான் கூப்பிட்டாரு."

அவள் தாகத்துக்காக வாயில் அடக்கியிருந்த ஐஸ் துண்டை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"கடைசியா ஒரு டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அதுல ஒத்துவரலையாம். முன்னாடி எடுத்ததுல சரியா இருந்துச்சு, இப்ப மாறிடுச்சாம். உன் ரத்தத்துல ஏதோ புதுசா உண்டாயிருக்காம், என்னோடத வச்சா உன் உடம்பு அதை அடிச்சுடுமாம். நூத்துக்கு மூணு பேருக்கு இப்படி ஆகுமாம். டாக்டருக்கே ரொம்ப வருத்தம்கா. கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, அப்புறம்தான் சொன்னாரு."

பெரிய டாக்டரை அவள் இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். அவர் கண்ணாடி போடுவதில்லை.

உள்ளே ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனால் இயந்திரம் வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தது, குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கொடுக்க வருகிறவர் மனம் மாறினால் ஆஸ்பத்திரியில் அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள் என்று டெக்னீசியன் எப்போதோ சொல்லியிருந்தார். நல்ல ஏற்பாடு என்று அவள் அப்போது பாராட்டினாள். அந்த ஒரு வரியை டாக்டர் இவனுக்குக் கொடுத்திருக்கிறார். இவன் அது போதாது என்று வீட்டிலிருந்து சொந்தமாகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"டாக்டரே சொன்னாரா?" என்றாள்.

அவன் காலை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"உன்னைத்தான்டா. அவரே சொன்னாரா?"

"சொல்லச் சொன்னாரு," என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே தெரிந்தது. தலை மேலும் குனிந்தது.

திரையில் யாரோ மாடிப்படியில் ஓடினார்கள்.

"போன மாசம் மூணாவது மாடில நிக்கறேன்," என்றான், அவள் காலிடம் பேசுவதுபோல. "பெல்ட் போட்டிருக்கேன். இருபது வருஷமா நிக்கற எடம். திடீர்னு, இனிமே ஒண்ணுதானே இருக்கும்னு தோணுச்சு. கால் ஆட ஆரம்பிச்சது. நிக்கவே மாட்டேங்குது. கீழ இருந்தவன் ஏறி வந்து என்னை எறக்கினான். அதுலேருந்து தெனமும் ஆடுதுக்கா. அவ ஒண்ணும் சொல்லல, என் பொண்டாட்டி. நீ போய்க் குடுன்னுதான் சொல்றா. நான்தான்..."

அக்கா தன் வலது கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். இடது கையில் இரண்டு ஊசி. அதை அசைக்கக் கூடாது.

"இன்னொரு தடவை யோசிக்கறியா?" என்றாள். "புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நான் அவசரப்படுத்தல. நாளைக் கூட மாத்திக்கலாம். என் பொண்ணு காலேஜ் போற வரைக்கும்டா. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் வேண்டாம். உனக்கு ஒண்ணும் ஆகாது, நூறு பேரைக் கேட்டுட்டேன், ஒண்ணும் ஆகாது."

இந்த வசனத்தைப் பேசுகிற பெண்களை அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. எழுதினவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா என்பாள். இப்போது அவளுக்கும் கிடைக்கவில்லை. அவள் காலில் வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. தம்பி அதைக் கையாலேயே தேய்த்துவிட்டான்.

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தபோது திரையில் சமையல்காரி நிரபராதி என்று முடிவாகியிருந்தது.

"உங்க மாமா அஞ்சு மணிக்கு வருவாரு," என்றாள்.

"தெரியும்கா."

"அவர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"இப்ப உன்கிட்ட சொன்னதைத்தான்."

"சொன்னா கிழிஞ்சுது. ஸ்கூல் வேன் ஓட்டறவரு அவரு. வீட்டுப்பாடம் ஏன் எழுதலன்னு ஒரு நாளைக்கு நாப்பது பசங்க அவர்கிட்டயே கதை விடறாங்க. நீ மாட்டினா அத்தோட நம்ம வீட்டுல உனக்கு வாசப்படி கிடையாது, அது உனக்குத் தெரியுமா?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"நூத்துக்கு மூணுன்னு சொல்லாத. கணக்கு சொன்னா கணக்கைக் கேப்பாரு. டாக்டர் வருத்தப்பட்டதும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். அவருக்குக் கண்ணாடியே கிடையாதுடா, மடையா. 'ஒத்துவரலன்னு சொல்லிட்டாங்க மாமா.' அவ்வளவுதான். எதனாலன்னு கேட்டா தெரியலன்னு சொல்லு. நெஜமா கேட்டுட்டு வந்தவனுக்கு எதனாலன்னு தெரிஞ்சிருக்காது. சொல்லிப் பாரு."

"அக்கா..."

"சொல்லுடா."

"ஒத்துவரலன்னு சொல்லிட்டாங்க மாமா, எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்..."

"அதுதான் வேண்டாங்கறேன். முதல் வரியோட நிறுத்து. தரையைப் பாக்காத. அவர் மூஞ்சியையும் பாக்காத. என்னைப் பாரு."

நான்கு முறை சொல்ல வைத்தாள். மூன்றாவது முறை அவன் தேம்பினான். அதெல்லாம் இங்கேயே முடித்துக்கொள் என்று சொல்லித் தன் துண்டைக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குக் கணவர் வந்தார். வேன் சாவி விரலில் தொங்கியது. மச்சினனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன மாப்ள, ஆளையே காணோம். புதன்கிழமைக்கு நான் வேனை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டேன், நாம ஒண்ணாவே போயிடலாம்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்தாள். அவன் உளறிவிட வேண்டும் என்று அவள் அந்தக் கணத்தில் வேண்டினாள். கண்ணாடியைச் சொல்லட்டும், நூற்றுக்கு மூன்று சொல்லட்டும், இவர் அவனைப் பிடித்து உலுக்கட்டும், குழுவின் முன்னால் இழுத்துக்கொண்டு போகட்டும். தான் சொல்லிக் கொடுத்த வரியைத் தானே கெடுக்க, அவளிடம் ஒரு வேண்டுதல்தான் இருந்தது.

"ஒத்துவரலன்னு சொல்லிட்டாங்க மாமா," என்றான்.

கச்சிதமாக இருந்தது.

கணவர் சாவியை மறு கைக்கு மாற்றினார். "எதனால?"

"தெரியல."

"திரும்ப எடுத்துப் பாக்கச் சொல்லலாம்ல? வேற ஆஸ்பத்திரில?"

தம்பிக்கு இதற்கு வரி எழுதித் தரவில்லை. அப்போது நான்காம் படுக்கையிலிருந்து, கண்ணைத் திறக்காமலே ஏட்டையா பேசினார். "எடுத்தாலும் அதேதான் சார் வரும். என் பையனுக்கும் ஒத்துவரலன்னுதான் சொன்னாங்க. மூணு வருஷம் ஆச்சு. மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறான், பாவம்."

அவர் அதை நம்பிச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

கணவர் தலையை ஆட்டினார். பிறகு தம்பியின் தோளைத் தட்டி, "நீ என்ன பண்ணுவ மாப்ள, நீ குடுக்கறேன்னு வந்ததே பெருசு," என்றார். அவன் நடுங்கியதை அவர் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்.

டெக்னீசியன் வந்து ஊசிகளைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அழுத்தினார். எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். எவ்வளவு நீர் இறங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. அக்காவுக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் தம்பி பிடித்துக்கொள்ள, மெதுவாக நடந்து எடை மெஷின்மேல் ஏறினாள். கணவர் விலகி நின்றார். தம்பி அவள் முழங்கையை விடவில்லை.

டெக்னீசியன் பேனாவோடு காத்திருந்தார். எண் ஏறியும் இறங்கியும் நிற்காமல் ஆடியது.

"கையை விடு," என்றாள் அக்கா. "நீ பிடிச்சிருந்தா தப்பாக் காட்டும்."

அவன் விட்டான். ஐம்பத்தொரு கிலோ நானூறு என்று டெக்னீசியன் எழுதிக்கொண்டு, "திங்கக்கிழமை ஒரு மணிக்கு வந்துடுங்கக்கா," என்றார்.