பெரியப்பா விற்ற படம்

நான் பிறப்பதற்கு முன்பே சினிமாவில் நடித்தவள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. ஆனால் உண்மை. ஆமத்தூர் பக்கத்துப் பொட்டல் ஒன்றில் திருவிழாப் பாட்டைப் படம் பிடித்தபோது, கும்பிட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் அம்மா இருந்தாள். அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன்.

அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர் பெரியப்பா. சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருந்தார். தெரிந்த பட்டாசுக் கம்பெனிகளின் வேன்களைக் கேட்டு வாங்கி, பாக்கிங் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். ஆளுக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம்தான் சம்பளம். படத்துக்குப் போஸ்டர் அடித்ததும் அவர்தான். படமோ ஒரு வாரம்கூட ஓடவில்லை. போஸ்டருக்குப் பணம் தர வழியில்லாத தயாரிப்பாளர், படத்தின் மொத்த உரிமையையும் பெரியப்பா பெயருக்கு எழுதி, படச்சுருள் அடங்கிய நான்கு தகரப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இப்படித்தான் எங்கள் குடும்பம் சினிமாக் குடும்பம் ஆனது. பெரியம்மாவுக்கு மட்டும் அதில் பெருமை இல்லை. பெட்டிகள் வந்த நாளிலிருந்து கட்டிலுக்கடியில் பெருக்க முடியவில்லை என்பது அவளுடைய குறை.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஊர்த் தியேட்டரைப் பெரியப்பா பேசி வைப்பார். பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வண்டியில் ஏற்றுவார். நடித்த பெண்கள் எல்லோருக்கும் இலவசம். ஏழாயிரம்பண்ணையிலிருந்துகூட வேன் வரும். கதையை யாரும் கவனிக்க மாட்டார்கள். திருவிழாப் பாட்டு வந்ததும்தான் தியேட்டர் எழுந்து நிற்கும். “அந்தா நானு!” “ஏ, எங்க மதினியப் பாரு!” என்று கத்துவார்கள். வருஷத்துக்கு வருஷம் படத்தில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. அந்தத் திருவிழாவில் மழை பெய்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஏழாயிரம்பண்ணை அக்கா ஒருத்தி மட்டும் கத்த மாட்டாள். திரையில் அவளுடைய தங்கை அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பாள், சிரித்தபடி. அந்தத் தங்கை மஞ்சள் காமாலையில் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லையாம். அந்த அக்கா அழுதுகொண்டே பார்ப்பாள். பாட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறுக்கு தின்பாள்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மெட்ராஸிலிருந்து ஒருவர் தோல் பையோடு வந்தார். மாடியில் பெரிய தட்டு ஒன்றை வானத்தைப் பார்க்க வைத்தால் டி.வி.யில் நாள் முழுக்கப் படம் வருகிற காலம் வந்துவிட்டதாம். அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பழைய படங்களின் உரிமையை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வரப்போவது தெரிந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, நீ கட்டில்ல உக்காந்துக்க. போர்வைய நல்லாத் தரை வரைக்கும் தொங்கவிடு. அந்தாளு போற வரைக்கும் எந்திரிக்கப்படாது. பெட்டி இருக்கது அவருக்குத் தெரியக்கூடாது, என்ன?”

காரணம் இருந்தது. எங்கள் ஊர் அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லேபிளை அடிக்கும் பிளேட், அதாவது அச்சுத் தகடு, யாருடைய அலமாரியில் இருக்கிறதோ, அடுத்த வருஷ ஆர்டரும் அவருக்குத்தான். காகிதத்தில் யார் என்ன எழுதியிருந்தாலும், பிளேட் வைத்திருப்பவரிடம்தான் ஆர்டர் தரும் பார்ட்டி திரும்பி வந்தாக வேண்டும். இருபது வருஷம் இதையே பார்த்துப் பழகியவர் பெரியப்பா. பெட்டியைக் கொடுக்காமல் வெறும் கையெழுத்தை மட்டும் விற்றுவிட்டால் காசும் வரும், படமும் நம்மிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டார். மெட்ராஸில் ஃபிலிம் கழுவுகிற லேபில் படத்தின் நெகட்டிவ் இருப்பது அவருக்குத் தெரியும். அது இந்நேரம் ஒட்டிப்போயிருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

வந்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். பெரியம்மா கொடுத்த காபியைப் புகழ்ந்தார். பத்திரம் ஒன்று, நெகட்டிவைக் கொடுக்கச் சொல்லி லேபுக்கு ஒரு கடிதம், இரண்டில் மட்டும் கையெழுத்துக் கேட்டார். பெரியப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டுவிட்டு, வாங்கிய பணத்தைப் பூட்டி வைக்க உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கோ பெருமை தாங்கவில்லை.

“அந்தப் படத்துல நானும் நடிச்சிருக்கேன்” என்றேன்.

வந்தவர் திரும்பிப் பார்த்தார். “அப்படியா பாப்பா! நீ படத்தைப் பார்த்திருக்கியா?”

“வருசா வருசம் பாக்கோம். தீவாளி கழிச்சு எங்க ஊர்த் தியேட்டர்ல போடுவாக.”

“எந்தத் தியேட்டர்?”

சொன்னேன். பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து அதன் பெயரை எழுதிக்கொண்டார். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் பெரியப்பா போர்வையைத் தூக்கிப் பார்த்து, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தப் பணத்தில் பெரியம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வந்தது. சினிமாவால் இந்த வீட்டுக்கு வந்த ஒரே பிரயோஜனம் என்று அவள் அதைச் சொல்வாள்.

அந்த வருஷமும் தீபாவளி போய் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தனம் குங்குமத்தோடு பெட்டிகள் தியேட்டர் வாசலில் இறங்கின. மேனேஜர் கதவைத் திறக்காமல் கையில் ஒரு காகிதத்தோடு நின்றார்.

“அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து பதிவுத் தபால் வந்திருக்கு. அவுகளைக் கேக்காம இந்தப் படத்த ஓட்டுனா கேஸாம்.”

“பெட்டி எங்கிட்டதானய்யா இருக்கு!”

“பெட்டி உங்களுதுதான் அண்ணாச்சி. படம் அவுகளுது.”

பெரியப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “நம்ம தியேட்டர் பேரு அம்புட்டுத் தூரத்துல இருக்கவனுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று மட்டும் கேட்டார். வேன்களில் வந்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். ஏழாயிரம்பண்ணை அக்கா மட்டும் முன்னால் வந்தாள்.

“முழுப் படமும் வேண்டாம் மொதலாளி. அந்தப் பாட்ட மட்டுமாச்சும் போடச் சொல்லுங்களேன். ஒரு தரம் பாத்துட்டுப் போயிருதேன்.”

பெரியப்பா பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இப்போது அந்தப் படம் என் கைபேசியிலேயே கிடைக்கிறது. நாலு கை மாறி, ஏதோ ஒரு கம்பெனியின் முத்திரையோடு, கோடு ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் திருவிழாப் பாட்டு அதில் இல்லை. பாட்டுகளின் உரிமை வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டதால் வெட்டிவிட்டார்களாம். கொட்டு முழங்கத் தொடங்கியதும் படம் சட்டென்று அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. பெட்டிகளில் இருந்த சுருள் எப்போதோ புளித்த வாடையோடு சுருண்டு வீணாகிவிட்டது. அம்மாவும் இப்போது இல்லை. அந்த அக்கா கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்று இப்போது எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மெட்ராஸ்காரர் வந்துவிடட்டும் என்றேன். நான் நடித்ததைப் பார்க்க வருவதற்காகத்தானே அவர் தியேட்டர் பெயரை எழுதிக்கொண்டு போனார்?