மூட மறுத்த லீவர்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், செம்பூரில் நான் பழகும் ஷூட்டிங் ரேஞ்சில் என் ஏர் ரைஃபிள் மக்கர் பண்ணியது. குண்டைப் போட்டபின் மூடவேண்டிய லீவர் பாதியிலேயே நின்றது. அது முழுக்க மூடாவிட்டால் ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் சுடாது. மறுநாள் போட்டி.

கையைத் தூக்கி ரேஞ்ச் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மேடம், தாகத் லகாவோ," என்று சிரித்தான். எனக்குப் பலம் போதாதாம்! பதினைந்து வருஷமாக மாதுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற கை இது. முதலில் கழற்றிப் பார் என்று இந்தியில் கத்தினேன்.

வேறு குண்டு போட்டான், காற்று சிலிண்டரை மாற்றினான். லீவர் அசையவில்லை. கடைசியில் கழற்றி, அதன் இடுக்கை ஊசியால் கிளறினான். மஞ்சளாய் ஏதோ தூள் உதிர்ந்தது. முகர்ந்தேன். சந்தனம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஜையன்று மிக்ஸி, ஸ்கூட்டர், லேப்டாப் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தவர் என் கணவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "என் ரைஃபிளைத் தொடாதேங்கோன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!"

"ரைஃபிள் பெட்டிச் சாவி உன் ஹேண்ட்பேக்லன்னா இருக்கு? போட்டி வரதேன்னு நீதானே ரெண்டு பொட்டா அப்பினே?" என்றார் அவர்.

அப்பியது நினைவுக்கு வந்தது. "அதைப் பாத்துண்டு சும்மாவா இருந்தேள்?" என்று அதற்கும் அவர் மேலேயே பாய்ந்தேன்.