கருப்பையாவுக்கு எழுதிய இறந்தகாலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். இறந்துபோனவர்தான் வந்து கதவைத் திறந்தார்.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பத்தாவது படித்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். முடித்து நாற்பத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இரண்டு வருடங்களுக்கு முன்னால் என்னோடு படித்த பாண்டியன் எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான். பாண்டியன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று துப்புத் துலக்குவது அவனுக்குத் தொழில். நாற்பத்தொரு பேரைச் சேர்த்துவிட்டான். பேரன் பேத்தி போட்டோ, முழங்கால் வலிக்கு வைத்தியம், அரசியல் சண்டை, சண்டைக்கு மன்னிப்பு — உங்கள் குரூப் எப்படியோ, எங்களுடையதும் அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, பாண்டியனிடமிருந்து ஒரு செய்தி. 'நம்ம கருப்பையா தவறிட்டான். அறந்தாங்கி ரோட்டில் போஸ்டர் பார்த்தேன்.'

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கருப்பையா என்ற பெயரும் பெரிய மீசையும் தெரிந்திருக்கின்றன. மற்றதைப் படிப்பதற்குள் பஸ் போய்விட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டவுன் பஸ் நிறைந்தால் அதில் நான்கு கருப்பையாவாவது இருப்பார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அரை மணி நேரத்தில் முப்பத்தெட்டு பேர் இரங்கல் எழுதினார்கள். யாரோ எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைப் போட்டு, பின்வரிசைக் கோடியில் நின்ற ஒரு பையனைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். 'அதே சிரிப்பு' என்று ஒருவர் எழுதினார். 'கண்ணிலேயே நிற்கிறான்' என்று இன்னொருவர்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் நான்தானே? ஓர் அஞ்சலி எழுதிக் கொடு என்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். கருப்பையாவைப் பற்றி எனக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. அதற்காக எழுதாமல் இருக்க முடியுமா? முக்கால் பக்கம் எழுதினேன். அதிர்ந்து பேசாதவர். ஓட்டப்பந்தயத்தில் பள்ளிக்குக் கேடயம் வாங்கித் தந்தவர். அவர் சிரிப்பு எங்கள் வகுப்பறையில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது...

குரூப்பில் போட்ட பத்தாவது நிமிடம் மேரியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. மேரி எங்கள் கிளாஸ் லீடர். இப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. 'கேடயம் வாங்கியது நீலகண்டன்' என்று எழுதியிருந்தாள். துபாயில் இருக்கும் அந்த நீலகண்டனே அதற்குள் கும்பிடு போட்டிருந்தான். இனி எப்படித் திருத்துவது? விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குரூப் சார்பாக மூன்று பேர் கிளம்பினோம். பாண்டியன் கார். திருவரங்குளத்தில் மேரியை ஏற்றிக்கொண்டோம். படத்துக்குப் போடுவதற்கு ஒரு ரோஜா மாலை. குடும்பத்தாரிடம் கொடுப்பதற்கு என் அஞ்சலி, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து. கருப்பையாவின் ஊர் மட்டும் பாண்டியனுக்கு நினைவிருந்தது. கந்தர்வக்கோட்டையைத் தாண்டி, முந்திரிக்காட்டுக்கு நடுவே போகும் ஒரு ரோட்டில்.

ஊர் முனையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் பாண்டியன் கேட்டான்.

"கருப்பையா வீடு எங்கிட்டுங்க?"

"அந்தா, பச்சை கேட்டு தெரியுதுல்ல, அதான். போங்க, வீட்லதான் இருப்பாக."

கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாண்டியன் என்னைப் பார்த்தான். "இருப்பாகங்குறாரு?"

"வீட்டுக்காரம்மாவைச் சொல்லிருப்பாருப்பா," என்றாள் மேரி.

வாசலில் பந்தல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. காரியமெல்லாம் முடித்திருப்பார்கள் என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். முகத்தைத் துக்கத்துக்குத் தயாராக்கிக்கொண்டு பாண்டியன் முன்னால் மாலையோடு நின்றான். மேரி அவன் பின்னால். நான் தாளோடு கடைசியில்.

கதவு திறந்தது. தோளில் துண்டு, கையில் ஒரு ஸ்பேனர். நரைத்த பெரிய மீசை.

"யாருங்க?" என்றவர், சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்... நீ பாண்டிதானே?" என்றார்.

பாண்டியன் இருபத்தெட்டு வருடமாக ஊர் ஊராகப் பேசியே பாலிசி பிடித்தவன். அன்றைக்கு மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

உள்ளேயிருந்து கருப்பையாவின் மனைவி வந்தார். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "வாங்க, வாங்க. மாலை யாருக்குங்க?"

ரோஜா மாலையில் ஒரு வசதி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்கும் அதுதான், மற்றதுக்கும் அதுதான். பாண்டியனுக்கு அந்த நொடியில் தொழில் புத்தி திரும்பியது. "எங்க செட்டுல எல்லாரையும் தேடிப் போயி மரியாதை செய்யுறோம்மா. இன்னைக்கு கருப்பையா முறை," என்று சொல்லிக்கொண்டே மாலையைக் கருப்பையாவின் கழுத்தில் போட்டுவிட்டான்.

கருப்பையா குனிந்து வாங்கிக்கொண்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் கும்பிட்டார்.

உட்கார்ந்ததும் பாக்கியம் அம்மா என் கையைப் பார்த்தார். "அது என்ன தாளுங்க?"

நான் மடிப்பதற்குள் கருப்பையா வாங்கிவிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரி 'மறைந்த எங்கள் ஆருயிர் நண்பர்' என்று தொடங்கும். அவர் கண் அந்த வரியில் நின்றது. திரும்பி, கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும், ஒவ்வொருவராக.

தாளை என்னிடமே நீட்டினார்.

"எழுதுனவரே படிங்க. அவளும் கேக்கட்டும். ஆனா... பாத்துப் படிங்க."

நாற்பது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு வேகமாக எடிட்டிங் செய்ததில்லை. 'மறைந்த' போயிற்று. 'வாழ்ந்தார்' என்பதை 'வாழ்கிறார்' ஆக்கினேன். 'திகழ்ந்தார்', 'திகழ்கிறார்' ஆயிற்று. 'எங்களை விட்டுப் பிரிந்து' என்று வாயில் வந்துவிட்டது. விழுங்க முடியவில்லை. "எங்களை விட்டுப் பிரிந்து... சொந்த ஊரில் தோட்டம் துரவோடு இருக்கிறார்" என்று கரையேறினேன். 'அன்னாரது ஆன்மா சாந்தியடைய' வந்தபோது, அன்னாரது குடும்பம் நீடூழி வாழ்க என்று சொல்லி முடித்துவிட்டேன். மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பாக்கியம் அம்மாவுக்கு இரண்டு இடத்தில் சந்தேகம் வந்தது. 'அதிர்ந்து பேசாதவர்' என்றதும், "யாரு, இவுகளா? இவுக பேசுனா அடுத்த ஊருக்குப் போனே தேவையில்லைங்க," என்றார். கேடயம் வந்ததும் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்டத்துல பரிசா? இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலையே."

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

பாக்கியம் அம்மா டீ போட உள்ளே போனதும் கருப்பையா குரலைத் தாழ்த்தினார். அவருடைய தாழ்ந்த குரலே வாசல் வரைக்கும் கேட்கும் போலிருந்தது.

"எப்பப்பா செத்தேன்?"

பாண்டியன் எல்லாவற்றையும் சொன்னான். போஸ்டர், பஸ், மீசை. போனில் அந்த குரூப் போட்டோவையும் காட்டினான். சிவப்பு வட்டத்தைக் கருப்பையா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நான் இல்லையே."

"வேற எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கயும் இல்லங்க. அரைப் பரீட்சையோட நின்னுட்டேன்ல."

மூன்று பேருக்கும் அது மறந்தே போயிருந்தது. சேர்ந்து பத்தாவது எழுதினோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அஞ்சலியில் அப்படித்தான் எழுதியும் இருந்தேன்.

"கெணறு வெட்டப் போன எடத்துல அப்பாவுக்கு இடுப்பு ஒடஞ்சுபோச்சு. மூத்தவன் நான். லாரில கிளீனராப் போயிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஊருக்கு வந்தப்ப, எல்லாரையும் பாத்துட்டுப் போவோம்னு ஸ்கூல் கேட்டு வரைக்கும் வந்தேன். நீங்கல்லாம் போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தீங்க. புதுச் சட்டை, எண்ணெ வச்ச தலை. எஞ் சட்டையெல்லாம் கிரீஸு. யாராச்சும் பாத்துக் கூப்பிட்டா உள்ள வருவோம்னு கொஞ்ச நேரம் நின்னேன். அப்பறம் அப்படியே திரும்பிட்டேன்."

குறை சொல்லும் தொனியே இல்லை. டயர் பஞ்சரான கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்களுக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மேரிதான் சொன்னாள். "தினமும் சாருக்கு அட்டெண்டன்ஸ் நான்தான் எடுத்துக் குடுப்பேன். உங்க பேருக்கு நேரா ஆப்சென்ட், ஆப்சென்ட்டுன்னு நான்தான் போட்டேன். ஒரு நாள் சார் சிவப்பு மையில அடிச்சிட்டார். சரி, ஒரு பேரு கொறஞ்சிச்சுன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். ஏன் வரலன்னு யார்கிட்டயும் கேக்கலைங்க. அப்பறம் முப்பது வருசம் டீச்சரா இருந்தேன். ரெண்டு நாள் ஒரு பிள்ள வரலன்னா வீட்டுக்கே போயி நிப்பேன். உங்களுக்கு மட்டும் போகல."

"அதுக்கென்னங்க, நீங்களும் அப்ப சின்னப் பிள்ளதானே," என்றார் கருப்பையா. "இப்பத்தான் மாலையோட வந்துட்டீங்கள்ல."

மேரி அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கிளீனராகப் போனவர் டிரைவராகி, குவைத்துக்குப் போய்ப் பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்து முந்திரித் தோப்பு, இரண்டு மாடு, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு மோட்டார். மகன் சென்னையில் வேலை. டீ குடிப்பதற்குள் இதெல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்து வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளாததை முக்கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

கிளம்பும்போது கார் வரைக்கும் வந்தார். மாலையை இன்னும் கழற்றவில்லை.

"அந்தத் தாளை மாத்தி எழுதிக் குடுங்க. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டணுங்குறா. ஓட்டப்பந்தயத்த எடுத்துருங்க. அது நான் இல்லன்னு நானே அவகிட்ட சொல்லிக்கிறேன். அதுக்குப் பதிலா, பதினெட்டு வருசம் குவைத்துல ஒரு ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டுனேன். அதப் போடுங்க."

எழுதி அனுப்பிவிட்டேன். நான் எழுதியதிலேயே ஒரு பொய்கூட இல்லாத பாராட்டுரை அதுதான் என்று நினைக்கிறேன்.

காரில் ஏறியதும் பாண்டியன் முதல் வேலையாக அவரைக் குரூப்பில் சேர்த்தான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குரூப்பில் அவர் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை காலையே 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று ஒரு வரி போட்டிருப்பார். இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும், கருப்பையா எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஆள் இல்லை என்றதும் அத்தனை பேருக்கும் அவர் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். 'கருப்பையா நலம், இப்போது நம் குரூப்பில்' என்று பாண்டியன் எழுதினான். இறந்தவருக்கு முப்பத்தெட்டு பேர் பத்தி பத்தியாக எழுதினார்கள் இல்லையா? இருக்கிறவருக்கு நான்கு கட்டைவிரல் வந்தது. இரங்கல் எழுதியவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும், பாவம். இரங்கல் என்றால் என்ன எழுதுவது என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் உயிரோடு எதிரே வந்து நின்றால் என்ன பேசுவது?

திரும்பும் வழியில் மேரி அட்டெண்டன்ஸ் வரிசையை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று வருடம் கழித்தும் ஒரு பெயர் மாறவில்லை. பாண்டியன் ஒவ்வொன்றுக்கும் குரூப்பில் உண்டு, இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். புதுக்கோட்டை வருவதற்குள் ஒன்பது பேர் இல்லை என்று தெரிந்தது. ஆளுக்கு மூன்று பேராகப் பிரித்துக்கொண்டோம். நம்பர் தேடிக் கொடுப்பது பாண்டியன் பொறுப்பு.

நேற்று என் பங்கில் முதல் ஆளைக் கூப்பிட்டேன். ஆரோக்கியசாமி. திருப்பூரில் இருக்கிறான். நான் இன்னார், பத்தாவதில் உன்கூடப் படித்தவன் என்று சொன்னேன்.

மெதுவாகக் கேட்டான். "யாருப்பா தவறிட்டா?"

"யாரும் தவறலப்பா. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

அந்தச் 'சும்மா'வை அவனை நம்பவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.