சாமி பாதத்தில் கால் வைப்பதா?

போன வெள்ளிக்கிழமை திருவாமாத்தூரில் என் சித்தப்பா மகன் வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். நானும் என் மனைவி வசந்தாவும் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தோம்.

தொட்டிலில் குழந்தை கொட்டக் கொட்ட விழித்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தது. வசந்தா தூக்குவதற்காகக் குனிந்தாள். அதற்குள் குழந்தையின் பெரியம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

“இப்ப வேணாங்க... கொழந்த தூங்கிக்கினு இருக்குது. அப்புறமா தூக்கிக்கலாம்.”

தூங்குகிற குழந்தை பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது!

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை இல்லை. அந்த ‘அப்புறமா’வுக்கு என்ன அர்த்தம் என்று நான் வேறு விளக்க வேண்டுமா?

வசந்தா வாங்கிப் போயிருந்த கொலுசைத் தொட்டில் ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

“அந்த நைஜீரியா மலைய நெனச்சிக்கினு வர்றேங்க. அந்த ஜனங்க எவ்ளோ தேவலாம்!”

வாசகர்களுக்குத் தெரியும், போன வருஷம் வரை நான் நைஜீரியாவில் கணக்கு வாத்தியார். நாங்கள் இருந்தது இடான்ரே என்ற ஊர். யோருபா மக்களின் ஊர். சுற்றிலும் கருங்கல் மலைகள். நம் திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் மலையைப் பல மடங்கு பெருக்கி, இடுக்கெல்லாம் காட்டைத் திணித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்.

அந்த மலைமேல் ஒரு பழைய ஊரே இருக்கிறது. ராஜா, அரண்மனை, கோர்ட், கோவில் எல்லாமே ஒரு காலத்தில் மேலேதானாம். இருபதாம் நூற்றாண்டில்தான் ஜனங்கள் கீழே இறங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மா பெயர் ஃபோலாகே. அவளுக்கு டுண்டே என்று ஒரு கைக்குழந்தை. நாங்கள் குடிபோன அன்றைக்கே “உனக்கு எத்தனை பிள்ளை?” என்று என் மூலமாக வசந்தாவிடம் கேட்டாள். இல்லை என்றதும், “அப்போ கை சும்மாத்தானே இருக்கு... இந்தா, பிடி” என்று டுண்டேயை நீட்டிவிட்டாள்! அவள் மார்க்கெட்டுக்குப் போய் வரும்வரை டுண்டே எங்கள் வீட்டில்தான். அவனுக்குக் கேப்பைக் கூழ் கொடுக்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் வசந்தாவுக்குக் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மலை ஏறினோம். ஃபோலாகே, முதுகில் துணியால் கட்டிய டுண்டே, ஃபோலாகேயின் நாத்தனார், நாங்கள் இரண்டு பேர், ஒரு வழிகாட்டி. படிகள் போய்க்கொண்டே இருந்தன. மேலே மண் சுவர்களும், செதுக்கிய மரத்தூண்கள் தாங்கிய பழைய அரண்மனை முற்றமும்... ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தானாகவே குரல் தணிந்துவிட்டது.

கொஞ்சம் தள்ளிப் பாறையில் ஒரு பாதச் சுவடு. அந்த ஊரின் மூதாதை ஒருவர் பதித்ததாம்.

“யார் காலை வைத்தாலும் சரியாகப் பொருந்தும்” என்றார் வழிகாட்டி. “சூனியக்காரிக்கு மட்டும் பொருந்தாது.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே கால் வைத்தார்கள். நான் வைத்தேன். டுண்டேயின் பிஞ்சுக் காலையும் வைத்து எடுத்தார்கள். வசந்தாவின் முறை வந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். மண்டியிட்டாள். அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

“காலை வைம்மா” என்றேன்.

“என்னாங்க நீங்க... சாமி பாதத்துல போயி கால வெப்பாங்களா? நான் மாட்டேன்.”

வழிகாட்டி சொன்ன இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. இது எங்கள் ஊர் மரியாதை என்று அவர்களிடம் விளக்கப் பார்த்தேன். ஃபோலாகே தலையாட்டினாள். நாத்தனார் ஆட்டவில்லை. இறங்கும்போது வசந்தா கை நீட்டுவதற்குள் டுண்டே அந்த நாத்தனாரின் முதுகுக்கு மாறியிருந்தான்.

அடுத்த நாள் டுண்டே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வசந்தா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

“என்னாங்க, கொழந்தைக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லயா?”

சூனியக்காரி விஷயத்தைச் சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். “இங்கயுமா?” என்றாள்.

ஆனால் அடுத்த ஞாயிறு அவளே போய் ஃபோலாகே வீட்டுக் கதவைத் தட்டினாள். மலையைக் கையால் காட்டினாள். அவ்வளவுதான். ஃபோலாகேயும் நாத்தனாரும் எதுவும் கேட்காமல் கிளம்பினார்கள், குழந்தையோடு.

மறுபடியும் அத்தனை படிகளும் ஏறினோம்.

பாறை முன்னால் வசந்தா மறுபடியும் மண்டியிட்டாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “மன்னிச்சிக்க சாமி. எனக்கு அந்தக் கொழந்த வேணும்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வலது காலை நீட்டினாள்.

அவள் கால் சின்னக் கால். உண்மையைச் சொன்னால், அந்தப் பள்ளத்தில் இன்னும் இடம் மிச்சம் இருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. ஆனால் பாதம் முழுசாகப் பதிவதற்குள்ளேயே ஒரு குரல்...

“பொருந்திவிட்டது! பொருந்திவிட்டது!”

கத்தியது நாத்தனார். அவளே ஓடிப்போய் ஃபோலாகேயின் முதுகிலிருந்து டுண்டேயை அவிழ்த்து, வசந்தாவின் முதுகில் வைத்துக் கட்டினாள். கீழே வந்து சேரும்வரை வசந்தாதான் அவனைச் சுமந்தாள்.

அங்கேயும் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்படுவதில் மனிதர்கள் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் அந்த நாத்தனாரின் அவசரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஒரு வாரமும் ‘இவள் வந்து காலை வைத்துவிட மாட்டாளா’ என்று எங்களைவிட அவள்தான் தவித்திருக்க வேண்டும்.

சரி... திருவாமாத்தூரில் வசந்தா எங்கே போய்க் காலை வைப்பாள்?